கீட்டோ வெளுத்தால் தண்ணீர் சுத்தமா?

கொழும்பில் கடல்நீர்த் தொட்டி வைத்திருக்கும் இரண்டு பேர் சந்தித்தால், சம்ப்பில், அதாவது பிரதான தொட்டிக்குக் கீழே உள்ள வடிகட்டித் தொட்டியில், கிடக்கும் பாசியைப் பற்றிய பேச்சு வராமல் போகாது. ஒருவர் "கீட்டோ வெளுத்துக்கொண்டே போகுது" என்பார். கீட்டோ என்பது தண்ணீரில் மிஞ்சும் சத்தை உறிஞ்சவென்று அங்கே வளர்க்கும் கீட்டோமோர்ஃபா என்ற பச்சைப் பாசி. மற்றவரிடம் பதில் தயாராக இருக்கும்: "அப்ப தண்ணி கிளீன் எண்டு அர்த்தம் அண்ணா. பாசிக்குச் சாப்பாடு இல்லை, அவ்வளவுதான்." மீன் கடையிலும் இதையே சொல்வார்கள்; வேண்டுமென்றால் இன்னொரு பிடி தருகிறோம் என்றும் சொல்வார்கள். இந்தப் பதிலில் பாதி உண்மை. அந்தப் பாதியால்தான் இத்தனை காலமாக இது நின்று பிடிக்கிறது. மற்றப் பாதி நல்ல தொட்டிகளைக் கெடுக்கிறது. வெளுத்த கீட்டோ கிடக்கும் சம்ப்பின் மேலே உள்ள பிரதான தொட்டியைப் பாருங்கள். பெரும்பாலும் கண்ணாடியில் பச்சைப் படலம் இருக்கும், மணலில் சிவப்புச் சளி படர்ந்திருக்கும், பொஸ்பேட் 0.2 பிபிஎம்மை (பிபிஎம் என்றால் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு) தாண்டியிருக்கும். இதைச் சுத்தம் என்று சொல்ல எனக்கு மனம் வருவதில்லை.

ரெஃப்யூஜியத்தில், அதாவது சம்ப்பில் பாசிக்கென்று ஒதுக்கிய அறையில், பாசி நலிவதற்குக் காரணங்கள் பல உண்டு. ஆனால் அவை ஒன்றைப் போல ஒன்று தோற்றம் தருவதில்லை. நிறம், விறைப்பு, எந்தப் பக்கம் முதலில் போகிறது, எவ்வளவு வேகத்தில் போகிறது என்று நாலு விஷயத்தைக் கவனித்தாலே பாதி வழி வந்துவிடலாம். பழைய பாசியை எறிந்துவிட்டுப் புதிதாக ஒரு பிடி வாங்கிப் போடுபவர்கள், இருந்த ஒரே சாட்சியையும் அழித்துவிடுகிறார்கள். புதியதும் சில வாரங்களில் அதே வழியில்தான் போகும்.

வெள்ளைக் கோப்பையில் ஒரு சிட்டிகை

ஒரு வெள்ளைக் கோப்பையில் தொட்டித் தண்ணீரை எடுத்து, கீட்டோவில் மூன்று இடங்களிலிருந்து ஒவ்வொரு சிட்டிகை பிய்த்துப் போடுங்கள்: மேல்புறம், நடு, அடி. நல்ல கீட்டோமோர்ஃபா பாத்திரம் தேய்க்கும் கம்பிச் சுருளைப் போல விறைப்பாக இருக்கும். அழுத்தி விட்டால் பழைய உருவத்துக்குத் திரும்பும். நலிந்தது விரலோடு ஒட்டிக்கொண்டு வரும். பத்து மடங்கு பெருக்கும் கைவில்லை ஒன்று இருந்தால் இன்னும் நல்லது. கீட்டோவின் ஒவ்வொரு இழையும் கிளையில்லாத ஒற்றை வரிசைக் கலங்களால் ஆனது, ஒரு கலத்தின் நுனியில் அடுத்தது. நல்ல கலம் சுவர் முட்டப் பச்சையாக நிறைந்திருக்கும். பட்டினி கிடக்கும் கலத்தில் பச்சை மெலிந்து மஞ்சளோடியிருக்கும், ஆனால் உருவம் குலைந்திருக்காது. செத்த கலத்தில் கண்ணாடி போன்ற சுவர் மட்டும் மிஞ்சும், அல்லது பச்சை முழுவதும் ஒரு மூலையில் சுருண்டு கிடக்கும். ஒரே இழையில் நிறைந்த கலமும் வெறுங்கலமும் மாறிமாறி வந்தால், ஏதோ ஒரு அதிர்ச்சி வந்து கடந்து போயிருக்கிறது. அந்த இழை பிழைக்கும்.

இப்போது நிறத்துக்கு வருவோம். பாசி கரும்பச்சையாக இருந்தும் வளராமல் நின்றால், சந்தேகத்தை முதலில் வெளிச்சத்தின் மேல் வையுங்கள். வெளிச்சம் குறைந்தால் பாசி பச்சையத்தைக் கூட்டிக்கொள்ளும், அதனால் நிறம் அடர்த்தியாகும். வெளிறி மஞ்சளோடி நின்றால் உணவு போதவில்லை. மேல்புறம் மட்டும் வெளுத்து உள்ளே பச்சையாக இருந்தால் வெளிச்சம் திடீரென்று கூடியிருக்கிறது. மேலே பச்சை, அடியில் கபிலமும் கறுப்புமாக நாறினால் நீரோட்டம் உள்ளே போகவில்லை. முழுப் பந்தும் ஒரே இரவில் வெளுத்திருந்தால் பட்டினியை மறந்துவிடுங்கள். பட்டினி அவ்வளவு வேகத்தில் கொல்லாது. உப்பு, சூடு, மருந்து என்ற மூன்றில் ஒன்றைத் தேட வேண்டும்.

நைட்ரேட் தீர்ந்த பிறகு பொஸ்பேட் என்ன செய்யும்?

"தண்ணி கிளீன்" என்ற பதில் எங்கே வழுக்குகிறது என்பது இந்தக் கணக்கில் தெரியும். 1983 இல் அட்கின்சன், ஸ்மித் என்ற இரு ஆய்வாளர்கள் கடலடித் தாவரங்களின் உடலில் காபன், நைதரசன், பொஸ்பரஸ் என்ன விகிதத்தில் இருக்கின்றன என்று தொகுத்துப் பார்த்தார்கள். அணுக்களின் எண்ணிக்கையில் இடைநிலை விகிதம் 550:30:1. மிதக்கும் நுண்பாசிக்கு வழமையாகச் சொல்லும் 106:16:1 உடன் ஒப்பிட்டால், கடற்பாசி பொஸ்பரஸை எவ்வளவு சிக்கனமாகச் செலவழிக்கிறது என்பது விளங்கும். அந்த 30:1 ஐ நாங்கள் டெஸ்ட் கிட்டில் வாசிக்கும் அலகுக்கு மாற்றுவோம். நைட்ரேட்டின் மூலக்கூற்று நிறை 62, பொஸ்பேட்டுக்கு 95. முப்பது தடவை 62 ஐ 95 ஆல் பிரித்தால் ஏறத்தாழ 20 வரும். அதாவது 0.1 பிபிஎம் பொஸ்பேட்டைப் பாசி உறிஞ்சிக்கொள்ள, கூடவே 2 பிபிஎம் நைட்ரேட் வேண்டும்.

நைட்ரேட் 1, பொஸ்பேட் 0.2 என்று இருக்கும் ஒரு தொட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். பாசி அந்த 1 பிபிஎம்மையும் தின்று முடிக்கும்போது பொஸ்பேட்டில் 0.05 தான் குறைந்திருக்கும். மிச்சம் 0.15 அப்படியே கிடக்கும், பாசி பட்டினியில் வெளிறத் தொடங்கும். வெளிறிய இழைகள் அழுகினால், உறிஞ்சி வைத்திருந்த பொஸ்பேட்டும் தண்ணீருக்கே திரும்பும். நைட்ரேட் இல்லாமல் பொஸ்பேட் மட்டும் மிஞ்சிய தண்ணீர் சயனோவுக்கு (சிவப்புச் சளியாகப் படரும் சயனோபக்டீரியாவுக்கு) வாய்ப்பான இடம், ஏனென்றால் சயனோவில் பல இனங்கள் கரைந்த நைதரசன் வாயுவையே பிடித்துப் பயன்படுத்தக் கூடியவை. பாசி செத்த தொட்டியில் சிவப்புச் சளி படர்வது இதனால்தான். இரண்டும் ஒரே குறையின் இரண்டு முகங்கள்.

இந்த இடத்தில் பலர் செய்வது பொஸ்பேட்டைக் குறைக்க ஜிஎஃப்ஓ (பொஸ்பேட்டைப் பிடிக்கும் இரும்பு ஒக்சைட்டுத் துகள்) போடுவது, அல்லது கழிவை நுரையாக்கி எடுக்கும் ஸ்கிம்மரைக் கூட்டுவது. வோட்கா அல்லது வினாகிரி ஊற்றுபவர்களும் உண்டு. இப்படிக் காபன் உள்ள திரவத்தை ஊற்றினால் பக்டீரியா பெருகி, மிஞ்சியிருக்கும் நைட்ரேட்டையும் பாசிக்கு முன்னால் தின்றுவிடும். ரெஃப்யூஜியமும் வேண்டும், காபன் ஊற்றலும் வேண்டும், ஜிஎஃப்ஓவும் வேண்டும் என்று மூன்றையும் ஒரே தொட்டியில் பூட்டினால் தோற்பது எப்போதும் பாசிதான். எதை வைத்துத் தண்ணீரைப் பராமரிக்கப் போகிறீர்கள் என்று முதலில் தீர்மானிக்க வேண்டும். பாசி என்றால் நைட்ரேட் 5 முதல் 10, பொஸ்பேட் 0.03 முதல் 0.1 வரை இருக்க விடுங்கள். பவளங்களுக்கும் இதில் கெடுதி இல்லை.

அதற்கு முன் கிட் காட்டும் எண் சரியானதா என்று பாருங்கள். சாலிஃபர்ட் நைட்ரேட் கிட்டில் குறைந்த அளவை மேலிருந்து பார்த்தால் எல்லாமே நிறமற்றதாகத் தெரியும். பக்கவாட்டில் பார்த்து, வரும் எண்ணைப் பத்தால் பிரிக்க வேண்டும். ஹன்னாவின் நுண்ணளவு பொஸ்பரஸ் செக்கர் காட்டுவது பொஸ்பரஸ், அதுவும் பிபிபியில் (நூறு கோடியில் ஒரு பங்கு). அதை 3.066 ஆல் பெருக்கி ஆயிரத்தால் பிரித்தால்தான் பொஸ்பேட் பிபிஎம் கிடைக்கும்: 20 என்று காட்டினால் 0.06. தண்ணீரில் நைட்ரைட் இருந்தால் நைட்ரேட் கிட் கூட்டிக் காட்டும் என்பதையும் மறக்க வேண்டாம். இன்னொன்று. கிட் பூச்சியம் காட்டியும் கீட்டோ செழிப்பாக வளரும் தொட்டிகள் உண்டு. மீன் நிறைய, தீவனமும் நிறைய என்றால், மீன் வெளிவிடும் அமோனியாவைப் பாசி நேரடியாகவே எடுத்துக்கொள்ளும்; நைட்ரேட்டாக மாற வாய்ப்பே கிடைக்காது. பாசி நன்றாக இருந்தால் எண்ணைத் துரத்த வேண்டிய அவசியமில்லை.

நைட்ரேட் உண்மையிலேயே பூச்சியம், பாசி வெளிறல், பொஸ்பேட் மிச்சம் என்று மூன்றும் ஒத்து வந்தால் முதல் வேலை தீவனத்தைக் கூட்டுவதும் ஸ்கிம்மரை நாளுக்குச் சில மணித்தியாலம் நிறுத்துவதும். ஆனால் தீவனம் பொஸ்பேட்டையும் சேர்த்தே கொண்டு வரும். பொஸ்பேட் ஏற்கெனவே 0.15 ஐத் தாண்டியிருந்தால் நைட்ரேட்டை மட்டும் தனியே ஊற்றுவதே நேரான வழி. பவளத் தொட்டிக்கென்று போத்தலில் விற்கும் நைட்ரேட் திரவம் போதும். ஆய்வுகூடத் தரச் சோடியம் நைட்ரேட் கிடைத்தால் 13.7 கிராமை, சவ்வு வடிகட்டியில் சுத்தமாக்கிய ஆர்ஓ தண்ணீரில் கரைத்து மொத்தம் ஒரு லீட்டராக்குங்கள். அதில் ஒரு மில்லிலீட்டரில் 10 மில்லிகிராம் நைட்ரேட் இருக்கும். நூறு லீட்டர் தண்ணீருக்குப் 10 மில்லிலீட்டர் ஊற்றினால் 1 பிபிஎம் ஏறும். தொட்டியின் அளவைக் கணக்கிடும்போது கல்லும் மணலும் பிடித்திருக்கும் இடத்தைக் கழியுங்கள்; 200 லீட்டர்த் தொட்டியில் தண்ணீர் 160 அல்லது 170 லீட்டர்தான் இருக்கும். ஒரு நாளைக்கு 1 பிபிஎம்முக்கு மேல் ஏற்ற வேண்டாம். மூன்று நாளைக்கு ஒருமுறை சோதியுங்கள். 5 ஐத் தொட்டதும் நிறுத்திவிட்டுப் பாசி எவ்வளவு வேகத்தில் இறக்குகிறது என்று பாருங்கள். புதிய வளர்ச்சி இழை நுனியில் பளிச்சென்ற பச்சையாகத் தெரிய ஒரு வாரம், பத்து நாள் ஆகும். அதோடு பொஸ்பேட்டும் தானாக இறங்கத் தொடங்கும். இறங்கினால் நோயைச் சரியாகக் கண்டுபிடித்திருக்கிறீர்கள்.

நைட்ரேட் 5 இல் நின்றும் புதிய நுனிகள் மஞ்சளாகவே வந்தால் இரும்புச் சத்தைப் பாருங்கள். தண்ணீர் மாற்றாமல் நீண்ட காலம் ஓடும் தொட்டிகளில் இது வரும். பதினைந்து வீதத் தண்ணீர் மாற்றம் இரண்டு செய்துவிட்டு, அப்போதும் நிறம் திரும்பாவிட்டால் மட்டும் கொடுக்கிணைப்பு (chelated) இரும்புத் திரவத்தைப் போத்தலில் குறித்த அளவில் பாதி ஊற்றுங்கள். ஆல்கலினிட்டி (தண்ணீரின் காரத்தன்மைக் கையிருப்பு) 7 டிகேஎச் அலகுக்குக் கீழே போயிருந்தால் அதையும் சரி செய்ய வேண்டும். கீட்டோ பைகாபனேற்றிலிருந்தும் காபன் எடுக்கும்.

எங்கள் ஊர்ச் சூடு

வெளிநாட்டு வழிகாட்டிகள் எல்லாம் 25 பாகை செல்சியஸ் என்று எழுதிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விடும். வெள்ளவத்தையிலோ பம்பலப்பிட்டியிலோ மாடி வீட்டில், தண்ணீரைக் குளிரூட்டும் சில்லர் இல்லாமல், ஏப்ரல் மாதத்தில் தொட்டித் தண்ணீர் 30, 31 இல் நிற்பது சாதாரணம். மூடிய அலுமாரிக்குள் இருக்கும் சம்ப்பில், பம்புக்கும் குரோ லைட்டுக்கும் நடுவில், இன்னும் ஒரு பாகை கூடலாம். கீட்டோ 30 பாகையில் உடனே செத்துவிடாது. ஆனால் வெப்பம் கூடக் கூட அதன் சுவாசச் செலவும் கூடும். 10 பாகை ஏறினால் ஏறத்தாழ இரட்டிப்பு. உழைத்துச் சேர்ப்பதைச் சுவாசத்திலேயே செலவழித்துவிட்டால் வளர்ச்சிக்கு ஒன்றும் மிஞ்சாது. தண்ணீரிலும் ஒக்சிசன் குறையும்: 35 பிபிடி (ஆயிரத்தில் 35 பங்கு) உப்புள்ள நீர் 25 பாகையில் லீட்டருக்கு ஏறத்தாழ 6.7 மில்லிகிராம் வைத்திருக்கும், 30 பாகையில் 6.2 தான். ஆகவே ஒரே வெளிச்சத்தில், ஒரே உணவில், ஜனவரியில் வளர்ந்த பாசி ஏப்ரலில் நின்றுவிடுவதில் மர்மம் எதுவும் இல்லை.

சில்லர் வாங்கப் பணம் இல்லாதவர்களுக்கு ஃபேன் உதவும், ஆனால் ஈரக்காற்று ஊரில் அதற்கு ஓர் எல்லை உண்டு. ஒரு லீட்டர் தண்ணீர் ஆவியாகும்போது எடுத்துச் செல்லும் வெப்பம், 200 லீட்டர்த் தண்ணீரை ஏறத்தாழ 3 பாகை குளிரவைக்கும் அளவு. கொழும்புக் காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருப்பதால் அந்த லீட்டர் மெதுவாகத்தான் ஆவியாகும். எனவே ஃபேன் காற்று தண்ணீரின் மேற்பரப்பை உரசிக்கொண்டு போக வேண்டும், மூடியைக் கழற்ற வேண்டும், அலுமாரியின் பின்பலகையை எடுத்துவிட வேண்டும், அறை யன்னலும் திறந்திருக்க வேண்டும். பூட்டிய அறையில் ஃபேன் போட்டால் ஈரம் அங்கேயே சுற்றும். இப்படி ஒழுங்காகச் செய்தால் இரண்டு, மூன்று பாகை இறங்கும், அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம்.

ரெஃப்யூஜியம் வெளிச்சத்தை இரவுக்கு மாற்றுவது வழமையாகப் பிஎச் சீராக இருக்கச் சொல்லும் ஆலோசனை. எங்கள் ஊரில் அதற்கு இன்னொரு நன்மை உண்டு: மேல் தொட்டி வெளிச்சத்தின் சூடும் சம்ப் வெளிச்சத்தின் சூடும் ஒரே நேரத்தில் சேராது, பாசியும் அறை குளிர்ந்த நேரத்தில் உழைக்கும். இரவு ஏழு மணிக்குப் போட்டுக் காலை ஏழு மணிக்கு அணைத்தால் நல்லது.

ஃபேன் போட்டவர்களுக்கு வரும் அடுத்த வில்லங்கம் உப்பு. நாளுக்கு 2 லீட்டர் ஆவியாகும் 200 லீட்டர்த் தொட்டியில் பத்து நாள் தண்ணீர் விடாமல் இருந்தால் 35 பிபிடி ஏறத்தாழ 39 ஆகிவிடும். பிறகு ஒரே நாளில் வாளி வாளியாக நன்னீர் ஊற்றிப் பழைய அளவுக்குக் கொண்டு வருவார்கள். மேலே சொன்ன "ஒரே இரவில் வெளுத்த பந்து" பல வீடுகளில் இப்படித்தான் உண்டாகிறது. இரண்டு நாளில் 1 பிபிடிக்கு மேல் இறக்க வேண்டாம். தானாக நீர் நிரப்பும் மிதவை வால்வு ஒன்று, உப்பை அளக்கும் நல்ல ரிஃப்ராக்டோமீட்டர் ஒன்று, இவை இரண்டும் விலை உயர்ந்த லைட்டை விட முக்கியம் என்பது என் முடிவு.

கரண்ட் போகும் நேரத்தையும் சேர்த்து யோசிக்க வேண்டும். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளில் 13 மணித்தியாலம் வரை வெட்டிய காலத்தை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். வெளிச்சமும் ஓட்டமும் இல்லாத சம்ப்பில் பாசி ஒக்சிசனைக் குடிக்கும் பக்கத்தில் இருக்கிறது, கொடுக்கும் பக்கத்தில் இல்லை. பற்றரியில் ஓடும் சிறிய காற்றுப் பம்பு ஒன்று இருந்தால் அதன் கல்லை முதலில் மேல் தொட்டியில் போடுங்கள்; இரண்டாவது இருந்தால் பாசிக்கு. நீண்ட வெட்டுக்குப் பிறகு கரண்ட் வந்ததும் ரெஃப்யூஜியத்தில் தேங்கிய நீரை அப்படியே மேலே ஏற்றாமல், அதில் ஒரு வாளியை அள்ளி வெளியே ஊற்றிவிட்டு ரிட்டர்ன் பம்பைப் போடுவது பாதுகாப்பு.

வெளிச்சமும் ஓட்டமும்

புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் குரோ லைட் என்று கேட்டால் ஊதா நிறத்தில் எரிவது முதல் வெள்ளை வரை பலவும் காட்டுவார்கள். பெட்டியில் எழுதியிருக்கும் வாட்டை நம்பாமல், பிளக் மீட்டரில் போட்டு உண்மையில் எவ்வளவு இழுக்கிறது என்று பாருங்கள். 25 லீட்டர் ரெஃப்யூஜியத்துக்கு உண்மையான 20 முதல் 30 வாட், நீர்மட்டத்திலிருந்து 15 முதல் 20 சென்ரிமீட்டர் உயரத்தில் போதும். புதிய லைட்டை முதல் நாளே 14 மணித்தியாலம் எரிய விடக் கூடாது. எட்டில் தொடங்கி வாரத்துக்கு இரண்டு மணித்தியாலமாகக் கூட்டுங்கள். மேல்புற வெளுப்புப் பெரும்பாலும் இந்த அவசரத்தால் வருவது. உப்புத் துளி தெறிக்கும் இடம் என்பதால் வயரைத் தாழ ஒரு வளைவு விட்டு மேலே ஏற்றுங்கள், பிளக் பேஸைத் தண்ணீர் மட்டத்துக்கு மேலே பூட்டுங்கள், அந்த லைன் ட்ரிப் சுவிட்சின் கீழ் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

கீட்டோ பந்து பெரிதாகப் பெரிதாக அதன் நிழல் அதன் மேலேயே விழும். வெளியே மூன்று, நாலு சென்ரிமீட்டர்தான் உழைக்கும், உள்ளே உள்ளது இருட்டில் உட்கார்ந்து அழுக்கைப் பிடித்து வைத்திருக்கும். பந்தைத் தூக்கித் தொட்டித் தண்ணீர் நிறைந்த வாளியில் உதறுங்கள். தண்ணீர் கலங்கிச் சேறானால் விஷயம் விளங்கிவிடும். கையால் பிய்த்துத் தட்டையாக்கி, வெளுத்ததையும் கறுத்ததையும் எடுத்தெறிந்து, 5 சென்ரிமீட்டருக்கு மேல் தடிப்பில்லாமல் திரும்பப் போடுங்கள். அடியில் சதுரக் கண்கள் உள்ள எக் கிரேட் பிளாஸ்டிக் தட்டு ஒன்றை மூன்று சென்ரிமீட்டர் உயர்த்தி வைத்தால் கீழாலும் ஓட்டம் போகும். ரெஃப்யூஜியத்தின் கொள்ளளவைப் போலப் பத்து மடங்கு நீர் மணித்தியாலத்துக்கு ஓட வேண்டும். பந்து மெதுவாகப் புரளும் அளவுக்கு ஓட்டம் கிடைத்தால் அதைவிடச் சிறப்பு ஒன்றுமில்லை. ஓட்டம் கூடினால் இழைகள் உடைந்து ரிட்டர்ன் பம்பில் சிக்கும், ஆகவே பம்புக்கு முன்னால் ஸ்பொஞ்ச் வேண்டும், அந்த ஸ்பொஞ்சை வாரத்துக்கு இரு தடவை கழுவவும் வேண்டும். ரெஃப்யூஜியம் நிறைந்ததும் மூன்றில் ஒரு பங்கை அறுவடை செய்யாமல் விட்டால் இந்த வேலை எல்லாம் வீண். உறிஞ்சிய உணவு வெளியே போவது அறுவடையில் மட்டும்தான்.

கடற்கரைப் பாசியும் கடற்கரைத் தண்ணீரும்

தென்மேற்குக் கரையில் அலை மோதும் பாறைகளில் குஞ்சம் குஞ்சமாக ஒரு பச்சைப் பாசி நிற்கும். அதுவும் கீட்டோமோர்ஃபாதான், அன்ரெனினா என்ற இனம். காசு கொடுத்து ஏன் வாங்குவான் என்று அதைப் பிடுங்கி வந்து சம்ப்பில் போடுபவர்கள் இருக்கிறார்கள். அது பாறையைப் பற்றிக்கொண்டு, ஓயாத அலையிலும் நுரைக் காற்றிலும் வாழப் பழகிய இனம். மிதந்து கிடந்து வளரும் மீன் தொட்டிக் கீட்டோவின் சுபாவம் அதற்கு இல்லை. சம்ப்பின் மந்தமான நீரில் அது சில நாளில் கூழாகி, நைட்ரேட்டும் பொஸ்பேட்டும் ஏறும். கரையிலிருந்து ஒன்று வேண்டுமென்றால் கிரசிலேரியா என்ற சிவப்புப் பாசியை முயலலாம், ஆனால் அதற்கும் நல்ல ஓட்டம் தேவை.

கடல்நீர் அள்ளி வந்து பாவிப்பவர்கள் எங்கே, எப்போது அள்ளுகிறோம் என்று பார்க்க வேண்டும். வெள்ளவத்தைக் கால்வாயும் தெஹிவளைக் கால்வாயும் கடலில் விழும் இடங்களுக்கும் களனி முகத்துவாரத்துக்கும் கிட்ட எடுக்கும் தண்ணீரில் நகரத்தின் கழிவு எல்லாம் இருக்கும். மழை விட்ட கையோடு எடுத்தால் உப்புக் குறைந்திருக்கும். ஆற்று நீரோடு சிலிக்கேட்டும் வந்திருக்கும். அந்தச் சிலிக்கேட்டில் டயட்டம் என்ற நுண்பாசி பெருகி, கீட்டோ இழை ஒவ்வொன்றின் மேலும் கபிலத் தூசி போலப் படிந்து வெளிச்சத்தை மறைக்கும். இழையை இரு விரலுக்கிடையில் இழுத்தால் கபிலம் வழுக்கி வந்து கீழே நல்ல பச்சை தெரிந்தால், பாசிக்கு நோயில்லை, போர்வைதான். வாளியில் உதறிக் கழுவி, ஓட்டத்தைக் கூட்டி, மேல்நிரப்பலுக்கு டிடிஎஸ் (கரைந்த திண்மங்களின் அளவு) பூச்சியம் காட்டும் ஆர்ஓடிஐ தண்ணீர், அதாவது ஆர்ஓவுக்குப் பிறகு அயன்களையும் நீக்கிய தண்ணீர், பாவித்தால் போய்விடும். மே முதல் செப்ரெம்பர் வரை கடல் கலங்கியிருக்கும் மாதங்களில் உப்பு வாங்கிக் கலக்குவது மேல்.

மீனுக்கு வெள்ளைப் புள்ளி வந்து பிரதான தொட்டியிலேயே செம்பு மருந்து ஊற்றியிருந்தால் பாசியைப் பற்றிப் பேசிப் பயனில்லை. செம்பு பாசிக்கும் நஞ்சு, கல்லிலும் மணலிலும் ஒட்டியிருந்து மெல்ல மெல்லக் கசியும். மீனைத் தனித் தொட்டிக்கு மாற்றித்தான் மருந்து கொடுக்க வேண்டும். கண்ணாடிப் பாசியை ஒழிக்கும் திரவங்களுக்கும் இதே கதி. மேல் தொட்டிப் பாசியைக் கொல்லும் மருந்துக்கு, கீழ் தொட்டிப் பாசி வேறு என்று தெரியாது.

கோலெர்ப்பா என்றால் வேறு கணக்கு

இதுவரை சொன்னவை கீட்டோவுக்கு. கோலெர்ப்பா என்ற கொடிப் பாசி வைத்திருப்பவர்கள் ஒன்றைத் தெரிந்திருக்க வேண்டும்: அந்தச் செடி முழுவதும் குறுக்குச் சுவர் இல்லாத ஒரே கலம். இனப்பெருக்கத்துக்குப் போனால் உடம்பில் இருக்கும் எல்லாவற்றையும் கொட்டிவிட்டு வெறும் தோலாக மிஞ்சும். 1997 இல் சயன்ஸ் இதழில் கென்னத் கிளிஃப்டன், கரிபியன் பவளப் பாறைகளில் இந்த வகைப் பச்சைப் பாசிகள் விடியற்காலையில் கூட்டமாக இப்படிக் கொட்டுவதை விவரித்தார். தொட்டியிலும் அதுவே நடக்கும். முதல் நாள் இரவு இலைகள் வெளிறி, உள்ளே வலைப்பின்னல் போலத் தெரியும். காலையில் தண்ணீர் பச்சைப் பாலாகியிருக்கும்.

வலைப்பின்னல் தெரிந்த உடனே அந்தக் கொடியை வேரோடு, துண்டாக்காமல், முழுதாக இழுத்து வெளியே எடுங்கள். விடிந்த பிறகுதான் கண்டீர்கள் என்றால் ரிட்டர்ன் பம்பை நிறுத்தி ரெஃப்யூஜியத்தைத் தனியாக்குங்கள், மேல் தொட்டிக்குக் காற்றுக் கல் போடுங்கள், செத்த பாசியை அள்ளுங்கள், ரெஃப்யூஜியத்தில் உள்ள நீரை முழுவதும் இறைத்துப் புதுக் கடல்நீர் நிரப்புங்கள். பிறகு வடிகட்டும் கரி (அக்டிவேட்டட் காபன்) பை புதியது ஒன்றைப் போட்டு ஸ்கிம்மரை ஈர நுரை வரும்படி ஓடவிட்டுப் பம்பைப் போடலாம். மீன்கள் மேலே வந்து வாய் திறந்தால் 25 வீதம் தண்ணீர் மாற்றுங்கள். 24 மணித்தியாலமும் லைட் எரியவிட்டால் இது வராது என்று சொல்வார்கள். பல தொட்டிகளில் அது உதவுகிறது. ஆனால் உணவு திடீரென்று தீர்ந்தால், அல்லது உப்போ சூடோ குதித்தால், எரியும் லைட்டுக்குக் கீழேயே கொட்டிவிடும். கோலெர்ப்பாவுக்கு நல்ல காவல், வாராவாரம் பழைய கொடிகளை இழுத்து எடுத்துக்கொண்டே இருப்பது.

மீட்டெடுப்பது

கீட்டோவில் கால்வாசி பச்சையாக இருந்தாலும் புதிதாக வாங்க வேண்டியதில்லை. பச்சை இழைகளை மட்டும் பிரித்தெடுத்து, ஒரு கைப்பிடி அளவில் தட்டையாகப் பரப்புங்கள். கண்டுபிடித்த குறைகளில் ஒன்றை மட்டும் திருத்திவிட்டுப் பத்து நாள் காத்திருங்கள். லைட், உரம், ஓட்டம் எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றினால் எது உதவியது, எது கெடுத்தது என்று பிறகு சொல்ல முடியாது. சமையலறைத் தராசில், ஒரு நிமிடம் வடியவிட்டு, வாரத்துக்கு ஒருமுறை நிறுத்துக் குறித்து வையுங்கள். கண்ணுக்குத் தெரியாத 20 கிராம் வித்தியாசம் தராசுக்குத் தெரியும். நிறை ஏறத் தொடங்கிய பிறகு ஒரு பிடியைத் தனியாக எடுத்து, சிறிய பம்பும் லைட்டும் உள்ள வாளியிலோ தெரிந்த ஒருவரின் தொட்டியிலோ போட்டு வைத்தால், அடுத்த ஏப்ரலில் கடைக்கு ஓட வேண்டி வராது.